பார்வையாளர் இல்லாத கச்சேரி: ஒரே படத்துடன் 26 ஆண்டுகள்

நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம் என்று மிக்சியைப் பற்றியோ இருசக்கர வண்டியைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். ஒரு திரைப்படத்தைப் பற்றி அப்படி எழுத எனக்கு இருக்கும் தகுதி, அதை நான் உண்மையிலேயே பயன்படுத்தி வந்திருக்கிறேன் என்பது மட்டும்தான். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிலாய்டு, இத்தாலியின் பொம்பெயி நகரில் உள்ள பழைய ரோமானிய வட்டரங்கில் வாசித்ததை இயக்குநர் ஏட்ரியன் மேபன் படமாக்கிய 'லைவ் அட் பொம்பெயி' என்னிடம் முதலில் வீடியோ நாடாவாகவும், பிறகு டிவிடியாகவும், 2025இல் மீட்டெடுக்கப்பட்ட புதிய வடிவமாகவும் வந்து சேர்ந்தது. 1999இல் தொடங்கிய பழக்கம் இது. ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது பார்த்திருப்பேன். தூக்கம் வராத இரவுகளில் ஒலியை மட்டும் ஓடவிட்டுக் கேட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் கிடைத்தது பிரதியின் பிரதி. நண்பர் ஒருவர் யாரிடமிருந்தோ வாங்கிப் பதிவு செய்து கொடுத்த அந்த நாடாவில் சிவப்பு நிறமெல்லாம் ஓரங்களில் கசிந்து நின்றது. இருட்டான காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருந்தாலும் முதல் பார்வையிலேயே ஒன்று புரிந்துவிட்டது. கச்சேரிப் படம் என்றால் கைதட்டலும் கூச்சலும், மேடைக்கு முன்னால் கண்ணீர் விடும் முகங்களும் இருக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, இதில் பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை என்பது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஒரு பாட்டு முடிகிறது, கைதட்டல் இல்லை, மண்ணும் கல்லும் வெயிலும்தான் அங்கே இருக்கின்றன. அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

இந்த வெறுமை தற்செயலாக அமைந்ததன்று. 1970இல் வெளிவந்த 'உட்ஸ்டாக்' இசைவிழாப் படத்துக்குப் பிறகு, கச்சேரிப் படம் என்றால் பாதி நேரம் கூட்டத்தைக் காட்டுவது என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது. மேபன் அதற்கு நேர் எதிரான ஒன்றை எடுக்க விரும்பினார். 1971ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலிக்கு விடுமுறையில் சென்றிருந்தபோது பொம்பெயியில் அவருடைய கடவுச்சீட்டு தொலைந்துபோயிற்று. அதைத் தேடி, மாலை மங்கும் நேரத்தில் ஆளில்லாத வட்டரங்குக்குள் அவர் மீண்டும் நுழைந்தபோதுதான் படத்துக்கான இடம் அவருக்கு அகப்பட்டது. அந்தக் கடவுச்சீட்டு தொலைந்ததற்கு நான் பல முறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

வட்டரங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கி.மு. 70ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட இது, இன்று எஞ்சியிருக்கும் கல்லாலான ரோமானிய வட்டரங்குகளில் மிகப் பழையது. சுமார் 20,000 பேர் அமரக்கூடியது. கி.பி. 59இல் வாள்வீரர் போட்டி ஒன்றைப் பார்க்க வந்த பொம்பெயிக்காரர்களும் பக்கத்து ஊரான நுசேரியாவின் மக்களும் இங்கே வசைபாடத் தொடங்கிக் கல்லெறிந்து, கடைசியில் ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டதையும், அதற்காக அத்தகைய போட்டிகளைப் பத்து ஆண்டுகளுக்கு ரோம் தடை செய்ததையும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ரசிகர் சண்டையால் தடை வாங்கிய அரங்கம் அது. இருபது ஆண்டுகள் கழித்து வெசூவியஸ் எரிமலை வெடித்து எல்லாவற்றையும் மூடியது. அப்படிப்பட்ட இடத்தில் ரசிகரே இல்லாமல் ஒரு கச்சேரி நடத்தியதில் உள்ள குறும்பு, படத்தைப் பத்து முறை பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

படப்பிடிப்பு 1971 அக்டோபரில் நடந்தது. வாயசைத்து நடிக்க மாட்டோம், உண்மையாகவே வாசிப்போம் என்பது குழுவின் நிபந்தனை. ஆகையால் லண்டனிலிருந்து முழு ஒலிக்கருவிகளும் லாரியில் வந்து சேர்ந்தன. வந்த பிறகு போதிய மின்சாரம் இல்லை. நகரமன்றக் கட்டடத்திலிருந்து தெருக்கள் வழியாக நீளமான மின்கம்பி இழுத்துத்தான் சிக்கல் தீர்ந்தது. அதற்குள் கைவசம் இருந்த சில நாட்களில் ஒரு பகுதி வீணாகிவிட்டது. இதனால் 'எக்கோஸ்', 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' ஆகிய மூன்றை மட்டுமே பொம்பெயியில் படமாக்க முடிந்தது. எஞ்சியவற்றைப் பிற்பாடு பாரிஸ் நகரப் படப்பிடிப்புக் கூடத்தில் எடுத்தார்கள்.

எது எங்கே எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க ரசிகர்களிடையே ஓர் எளிய வழி உண்டு: கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட்டின் தாடியைப் பார்க்க வேண்டும். தாடி இருந்தால் பொம்பெயி, மழித்திருந்தால் பாரிஸ். படத்தொகுப்பு எத்தனை சாமர்த்தியமாக இருந்தாலும் தாடி காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கவனித்த நாளில் எனக்கு ஏமாற்றம்தான் வந்திருக்க வேண்டும். மாறாக, படம் இன்னும் நெருக்கமாகிவிட்டது.

பாரிஸ் பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின்' பாடலில் ரோஜர் வாட்டர்ஸ் எழுப்பும் அலறலை இரவில் ஹெட்போன் இல்லாமல் கேட்டால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். நாப்ஸ் என்ற நாய் மைக்கின் முன்னால் ஊளையிட, குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஹார்மோனிகா வாசிக்கும் 'மேட்மோசல் நாப்ஸ்' வந்தால் முன்பெல்லாம் ஓட்டிவிடுவேன். வீட்டில் குழந்தைகள் வந்த பிறகு அவர்களுக்கு அதுதான் பிடித்த இடம் என்பதால் ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

இனி, நான் உண்மையில் எதற்காக இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறேனோ அதற்கு வருகிறேன். 'எக்கோஸ்' இசைத்தட்டில் ஏறத்தாழ 23 நிமிடங்கள் நீளும் ஒரே உருப்படி. மேபன் அதை இரண்டாக வெட்டி, முதல் பாதியைப் படத்தின் தொடக்கத்திலும் இரண்டாம் பாதியை முடிவிலும் வைத்தார். பியானோவின் ஒற்றைச் சுரம், சுழலும் ஒலிபெருக்கி வழியாக நீர்த்துளிபோல் விழுகிறது. கேமரா வட்டரங்கின் உயரத்திலிருந்து, பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாக, நடுவில் புள்ளிகளாகத் தெரியும் நால்வரை நோக்கி நெருங்குகிறது. பாட்டு சூடுபிடித்த பிறகு, அடுக்கி வைத்த ஒலிபெருக்கிகளின் பின்புறமாகக் கேமரா நகர்கையில், 'பிங்க் ஃபிலாய்டு, லண்டன்' என்று எழுதிய கறுப்புப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகின்றன. கச்சேரியில் பார்வையாளனுக்கு ஒருபோதும் கிடைக்காத இடம் அது. ஆயினும் மேடைக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கிறோம் என்ற உணர்வு வருவதில்லை. பின்புறம் முன்புறம் என்ற வேறுபாடே அங்கு இல்லை, ஏனெனில் எதிரே உட்கார்ந்திருப்பவர் எவருமில்லை.

ரைட்டும் கில்மோரும் சேர்ந்து பாடும் இடத்தில் குரல்கள் எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குத் துல்லியமாகப் பிடிபட்டதில்லை. இருவரில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. 20,000 பேர் அமரக்கூடிய இடத்தில், அடுத்த அறையில் தூங்குபவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுகிறார்கள். பெருங்கூட்டத்தின் முன்னால் இப்படிப் பாட இயலுமா என்பது எனக்கு ஐயமே.

'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' இதற்கு முற்றிலும் மாறானது. கில்மோர் மண்ணில் உட்கார்ந்து கிட்டாரைக் கதறவிடுகிறார். ரைட் பியானோவை வாசிப்பதற்குப் பதிலாக அடிக்கிறார். வாட்டர்ஸ் சிம்பல் தட்டுகளைத் தாக்கிவிட்டு, ஆளுயரத்தை எட்டும் வெண்கலச் சேகண்டியிடம் சென்று, சூரியன் பின்னால் நிற்க, அதை ஓங்கி அறைகிறார். இந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைச் சுவரில் மாட்ட விரும்புபவர் பெரும்பாலும் அதைத்தான் மாட்டுவார். எனக்கென்னவோ, அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில் சத்தமெல்லாம் அடங்கி மெல்லிய கீபோர்டு இசை எழும்போது நால்வர் முகத்திலும் தெரியும் சோர்வுதான் பெரிது.

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாடலில் கேமரா ஏறக்குறைய முழு நேரமும் நிக் மேசனின் டிரம்ஸ் மீதே நிற்கிறது. இது கலைத்துணிச்சல் என்று பல ஆண்டுகள் நண்பர்களிடம் வாதிட்டிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது: மற்றவர்களைக் காட்டிய படச்சுருள்கள் தொலைந்துவிட்டதால், மேபனுக்குக் கையில் இருந்ததை வைத்துச் சமாளிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாட்டின் நடுவே மேசனின் கையிலிருந்து குச்சி ஒன்று நழுவிப்போகிறது. தாளம் தடைபடாமல் அடுத்த குச்சி கைக்கு வந்துவிடுகிறது. நாடாவில் அது ஒரு மங்கலான அசைவு மட்டுமே. அங்கே ஏதோ நடந்தது என்று தெரியும், என்னவென்று தெரியாது. டிவிடியில்தான் முதன்முறையாகத் தெளிவாகப் பார்த்தேன். தொலைந்த சுருளும் நழுவிய குச்சியும் இல்லாத ஒரு பொம்பெயி எனக்கு வேண்டாம்.

டிவிடியைப் பற்றி என் கருத்து அவ்வளவு நல்லதன்று. 2003இல் இயக்குநரின் பதிப்பு என்ற பெயரில் வந்த அதில், கோள்களும் விண்வெளியுமாகக் கணினியில் உருவாக்கிய காட்சிகளை மேபன் இடையிடையே சேர்த்திருந்தார். வெசூவியஸின் புகையும் கொதிக்கும் சேறும் ஏற்கெனவே செய்து முடித்த வேலையை அவை மறுபடி செய்ய முயன்று தோற்கின்றன. அகலத் திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்லவேளையாக, பழைய ஒரு மணி நேர வடிவத்தையும் அதே தட்டில் இணைத்திருந்தார்கள். நான் அதைத்தான் தேய்த்தேன். புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு நான் சொல்வதும் அந்த 60 நிமிட வடிவத்தையே, 1972இல் எடின்பரோ விழாவில் திரையிடப்பட்ட வடிவத்தையே, முதலில் பாருங்கள் என்பதுதான்.

1974இல் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' இசைத்தட்டுக்கான அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடக் காட்சிகளும் உரையாடல்களும் சேர்ந்தன. தனியாகப் பார்த்தால் அவை அருமையானவை. வாட்டர்ஸ் சின்தசைசரைத் திருகிக்கொண்டிருப்பதும், சிற்றுண்டியின்போது ஓரம் இல்லாத ஆப்பிள் பை கேட்டு மேசன் அடம்பிடிப்பதும் ரசிகர்களுக்கு மனப்பாடம். ஆனால் இரண்டு பாட்டுகளுக்கு இடையில் அவை நுழையும்போது, காலியான அரங்கில் நமக்காக விட்டுவைத்திருந்த இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதுபோல இருக்கிறது.

2025 ஏப்ரலில் மீட்டெடுக்கப்பட்ட வடிவம் திரையரங்குகளுக்கு வந்தது. குழுவின் சேமிப்புக் கிடங்கில் கிடைத்த 35 மி.மீ. மூல நெகட்டிவிலிருந்து, ஃபிரேம் ஃபிரேமாக 4கே தரத்தில் தூய்மைப்படுத்தியிருக்கிறார்கள். ஒலியைப் புதிதாகக் கலந்தவர் ஸ்டீவன் வில்சன். வாட்டர்ஸின் பேஸ் கிட்டார் இத்தனை நாள் ஒரு முணுமுணுப்பாக மட்டுமே எனக்குக் கேட்டிருக்கிறது. இப்போது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக நிற்கிறது. கருவிகளின் மீது படிந்திருக்கும் தூசி தெரிகிறது. பழைய படச்சுருளுக்கே உரிய நுண்புள்ளிகளை வழித்தெடுத்து முகங்களை மெழுகாக்கவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பெரிய திரையில் நான் பார்த்த காட்சியில் 'எக்கோஸ்' முடிந்தபோது ஓரிருவர் கைதட்டத் தொடங்கி, படத்தில் நிலவிய அமைதியைக் கண்டு கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

கில்மோர் 2016 ஜூலையில் அதே அரங்குக்குத் திரும்பி, இம்முறை ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில் இரண்டு இரவுகள் வாசித்தார். 1971இல் படமாக்கிய பாட்டுகளில் 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' மட்டும் இடம்பெற்றது. 2008இல் ரைட் இறந்த பிறகு கில்மோர் 'எக்கோஸ்' வாசிப்பதில்லை. அந்தக் கச்சேரியின் படத்தையும் வாங்கினேன். வாணவேடிக்கையும் ஒளிக்கற்றைகளும் மிக நன்றாக இருக்கின்றன. இரண்டு முறைக்கு மேல் போடவில்லை.

இப்போது என் வழக்கம் எளியது: ப்ளூரேயில் ஒரு மணி நேர வடிவம், நல்ல ஹெட்போன், விளக்கணைத்த அறை. பழைய நாடாவைப் போட்டுப் பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் அதை இன்னும் தூக்கியெறியவில்லை. அதில் முதல் பியானோச் சுரம் விழுவதற்குச் சற்று முன்னால், பிரதி எடுத்தபோது ஏற்பட்ட 'டக்' என்ற ஓர் ஒலி இருந்தது. 4கே பதிப்பில் அந்த இடம் முழுத் தூய்மையாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த நொடியில் என் காது அந்த 'டக்'குக்காகக் காத்திருக்கிறது.