மருந்துக் கொம்பு கிட்: கொம்புக்கு முழு மார்க், தாளுக்கு முட்டை

மருந்து என்றதும் டானிக் பாட்டில் ஞாபகத்துக்கு வர வேண்டாம், இது வெடிமருந்து. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் காலனிகளில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிய விவசாயி, வேட்டைக்காரன், ஊர்ப்படைக்காரன் எல்லோருடைய தோளிலும் வாரில் கட்டிய ஒரு மாட்டுக் கொம்பு தொங்கும். அகலமான பக்கத்தை மரத்தட்டு வைத்து அடைத்திருப்பார்கள், நுனியில் துளை போட்டு ஒரு முளை செருகியிருப்பார்கள், உள்ளே மருந்து. கொம்பு நனையாது, பொறி கிளப்பாது, கனமில்லை, மாடு இருக்கிற ஊரில் காசும் இல்லை. இதைவிட நல்ல டப்பா அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது?

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில். இங்கிருந்து வடக்கே லேக் ஜார்ஜ், டைகாண்டரோகா என்று கோட்டை கோட்டையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அப்படிப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கொம்புகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்குத் தூக்கமில்லை. படம், ஊர், தேதி, சொந்தக்காரர் பெயர் எல்லாம் கத்தி முனையால் கீறியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வாய்ப்பாடுதான்: ‘இன்னார், அவர் கொம்பு, இன்ன கோட்டையில் செய்தது, இன்ன வருஷம்’. நம் ஊர்ப் பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, எனக்கு உடனே அதுதான் தோன்றியது. முகாமில் பத்துப் பேர் கொம்பும் ஒரே மாதிரி இருந்தால் பெயர் போடாமல் என்ன செய்வது?

சரி, கிட்டுக்கு வருகிறேன். ஆன்லைனில் ஒரு கடையில் 75 டாலருக்கு ‘காலனி காலக் கொம்பு, நீங்களே செய்யலாம்’ என்று போட்டிருந்தார்கள். கடை பெயர் வேண்டாம். பெட்டிக்குள் பச்சைக் கொம்பு ஒன்று, கடைசல் பிடித்த பைன் மரத்தட்டு, நுனித் துளைக்கு ஒரு மர முளை, பித்தளை ஆணிகள், ஒரு கட்டி தேன்மெழுகு, ஒரு பொட்டலம் சாயம், நான்கு பக்கச் செய்முறை, அப்புறம் கொம்பில் ஒற்றி எடுத்துச் செதுக்க ஒரு மாதிரித்தாள்.

கொம்பு அருமை. வெளி வளைவில் அளந்தால் 13 அங்குலம், விரிசல் கிடையாது, ஒரு பக்கம் வெண்ணெய் நிறம், நுனியில் கறுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய இடங்களில் உள்ளே வைத்த விரலின் நிழல் தெரிகிறது. இந்தக் குணத்துக்காகத்தான் பழைய காலத்தில் கொம்பைத் தகடாக்கி லாந்தர் விளக்குக்குக் கண்ணாடிபோலப் பொருத்தினார்கள். இந்த ஒன்றுக்கே விலையில் பாதி தகும் என்பேன்.

வேலை ஆரம்பித்ததும்தான் செய்முறையின் லட்சணம் தெரிந்தது. கொம்பு முழுக்கக் குழாய் இல்லை, நுனிப்பக்கம் கெட்டி. உள்ளே கம்பியை விட்டு வெற்றிடம் எதுவரை போகிறது என்று அளந்து, வெளியே குறி போட்டு, நுனியிலிருந்து துளைத்து அந்த வெற்றிடத்தைப் பிடிக்க வேண்டும். செய்முறை என்ன சொல்கிறது? ‘நுனியை வெட்டி நேராகத் துளைக்கவும்.’ நேராகவா? கொம்பு எங்கே ஐயா நேராக இருக்கிறது? நானும் சொன்னபடி துளைத்தேன், டிரில் முனை பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டைக்குக் கீழே வெட்டி, கொம்பின் திருப்பத்தைக் கண்ணால் பார்த்துச் சாய்த்துப் பிடித்து மறுபடி துளைத்ததில் கழுத்து ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. கம்பி அளவைப் பற்றி அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது தட்டு. அவர்கள் தந்த தட்டு வட்டம், கொம்பின் வாயோ முட்டை வடிவம். இதற்கு வழி இருக்கிறது. கொம்பும் நம் நகமும் ஒரே சரக்கு, கெராட்டின். கொதிக்கும் நீரில் வாயை ஐந்தாறு நிமிடம் வைத்தால் இளகும், உடனே கூம்பாகக் கடைந்த மரக்கட்டையை உள்ளே தட்டி இறக்கி, ஆறும்வரை விட்டால் வட்டமாகவே இறுகிவிடும். கூம்புக்கட்டை கிட்டில் இல்லை! அது இல்லாமல் வட்டத்தட்டு எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் தன் கடைசல் எந்திரத்தில் ஒன்று கடைந்து கொடுத்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொம்பின் வாய் எப்படியோ அப்படியே ஒரு பலகைத் துண்டைச் செதுக்கிப் பொருத்தலாம், அந்தக் காலத்தில் கையால் செய்தவர்களில் பலர் அதைத்தான் செய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை: கொம்பை வீட்டு அடுப்பில் வைக்காதீர்கள். ரம்பம் போட்டாலே முடி கருகுகிற வாடை வரும், கொதிக்க வைத்தால் கேட்கவே வேண்டாம். வீடியோ காலில் இருந்த அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “டேய், அது மாட்டுக் கொம்பா? அடுப்புல வெச்சு வேகவைக்கிறியே, உனக்கு என்னடா ஆச்சு” என்றார். அதன் பிறகு மனைவி என்னையும் பாத்திரத்தையும் கேம்ப் ஸ்டவ்வோடு சேர்த்துக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டாள். அரத்தூளும் மூக்குக்குள் போகும், மாஸ்க் கட்டாயம். மாட்டுப் பொங்கலுக்குத் தாத்தா கொம்பு சீவும்போது மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் இதற்கு ஒரு பைசா உதவாது.

இப்போது அந்த மாதிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

நடுவில் ஒரு கோட்டைப் படம், கீழே ‘ஃபோர்ட் வில்லியம் ஹென்றி, 1758’, மேலே மார்பில் கேடயத்தோடு சிறகு விரித்த கழுகு, பக்கத்தில் கம்ப்யூட்டர் எழுத்துருவில் ‘உங்கள் பெயர் இங்கே’. பிரிட்டிஷாரின் கோட்டையான ஃபோர்ட் வில்லியம் ஹென்றியை மோன்கால்ம் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடியினரும் முற்றுகையிட்டார்கள், 1757 ஆகஸ்ட் 9 அன்று கோட்டை பணிந்தது, பிறகு அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். 1758இல் அங்கே உட்கார்ந்து யார் கொம்பு செதுக்கியது, ஆவியா? இன்று லேக் ஜார்ஜில் நிற்பது 1950களில் திரும்பக் கட்டியது. கழுகு அதைவிட மோசம். கேடயத்தோடு கழுகு அமெரிக்க அரசு முத்திரையானது 1782இல். 1758இல் காலனிக்காரர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் அரசரின் குடிகள், அந்தக் கால வரைபடக் கொம்புகளில் இருப்பது சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய அரச சின்னம், ஹட்சன் நதி, ஆல்பனி, மோஹாக் பள்ளத்தாக்கு, வழிநெடுகக் கோட்டைகள். நாலு படம் பார்த்திருந்தால் போதும், தாள் போட்டவர் பார்க்கவில்லை.

அந்தக் கோட்டையின் பெயரைப் போட்டவர்கள் ஜான் புஷ்ஷைத் தேடிப் பார்த்திருக்கலாம். மாசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த கறுப்பின வீரர். 1755, 56இல் லேக் ஜார்ஜ் முகாமில் அவர் செதுக்கிய கொம்புகளின் எழுத்து, சுழிகளும் கொடிகளுமாக, எழுத்தா கோலமா என்று நிற்கவைக்கும். பின்னால் வந்தவர்கள் பலர் அந்தப் பாணியைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள். 1757இல் கோட்டை விழுந்தபோது பிடிபட்டார், ஊர் திரும்பவில்லை. கனெக்டிகட்டின் கிளாஸ்டன்பரியைச் சேர்ந்த பிரின்ஸ் சிம்போ என்ற இன்னொரு கறுப்பின வீரரின் 1777ஆம் வருஷக் கொம்பு இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படத்தை இணையத்திலேயே பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரூஃபஸ் கிரைடர் என்ற ஓவிய ஆசிரியர் இந்தக் கொம்புகளைத் தேடித் தேடிப் போய் நூற்றுக்கணக்கில் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். மாதிரிக்கு இவ்வளவும் கிடக்க, எதற்கு அந்தக் கழுகு?

தாளை மடித்து மேசைக்கால் ஆடுவதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நானே பென்சிலால் போட்டேன். ஹட்சன் நதி, ஆல்பனி, வடக்கே ஏரி, கீழே என் பெயர். வருஷம் 1760. காரணம் உண்டு. இங்கே பிரெஞ்சு–இந்தியப் போர் என்று சொல்கிறார்களே (இந்தியர் என்றது இங்கத்திய பூர்வகுடியினரை), அது பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரின் ஒரு முனை, இன்னொரு முனை நம் வந்தவாசி. 1760 ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் அங்கே பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார், அதே வருஷம் செப்டம்பரில் இங்கே பிரெஞ்சுக்காரர்களின் மான்ட்ரியல் பிரிட்டிஷாரிடம் பணிந்தது. பிரிட்டிஷ் மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் அப்போது பெரும்பாலும் பீகார், வங்காளப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறியது. ஆகவே என் கொம்பில் வந்தவாசிக்கு ஒரு ஓரம் ஒதுக்கினேன், தமிழிலேயே. அசல் கொம்பில் இப்படி எதுவும் இருக்காது, தெரிந்தேதான் செய்தேன்.

செதுக்குவதற்கு முன் கொம்பை நன்றாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துணியால் மினுக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். கீறலில் கறுப்பு ஏற்ற, பாட்டி கண்மைக்குச் செய்ததுபோல விளக்குக்கு மேலே தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்துத் தேய்த்தேன். எழுத்தில் ஏறியது, அழகாகத்தான் ஏறியது. கூடவே விட்டுப்போன அரத்தின் கீறல் ஒவ்வொன்றிலும் ஏறி, ஆல்பனிக்கு மேலே நிரந்தரமாக மழை பெய்கிறது. மறுபடி சுரண்டினால் எழுத்தும் போய்விடும், அப்படியே விட்டுவிட்டேன்.

கிட்டில் வந்த சாயத்தை வெட்டிய நுனித்துண்டில் தடவிப் பார்த்தேன், சாக்லேட் நிறம். பழைய கொம்புகளின் தேன் மஞ்சள் இதில் வராது. வெங்காயத் தோலை வினிகரோடு கொதிக்கவைத்து ஊறப்போட்டேன், ஓரளவு வந்தது. தேன்மெழுகு தரமானது, தட்டைச் சுற்றி உருக்கி விட்டதில் தண்ணீர் ஊற்றி வைத்தும் கசியவில்லை. ஆணிகளும் சரிதான். மர முளை மட்டும் ஆடுகிறது. நான் சுடப்போவதில்லை, சுவரில் மாட்டத்தான். சுடுகிறவர்கள் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டிவிடக் கூடாது, உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பு முழுக்கக் கையிலேயே வெடிக்கும். அளவைக் குப்பியில் எடுத்துத்தான் போட வேண்டும். கிட் விற்கிறவர் இதைச் செய்முறையில் எழுத வேண்டாமா?

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், மூன்றும் கொம்புக்கும் மெழுகுக்கும். தாளைப் பற்றி அவர்களுக்கு எழுதினேன், ‘அது அலங்காரத்துக்கு மட்டும்’ என்று பதில் வந்தது. நீங்கள் வாங்கினால், எந்தத் தோளில் மாட்டப்போகிறீர்கள் என்று ஆர்டரிலேயே குறிப்பு எழுதிவிடுங்கள். மாட்டின் வலக்கொம்பு வளைவது ஒரு பக்கம், இடக்கொம்பு வளைவது மறுபக்கம். நான் எழுதவில்லை, இவ்வளவு பாடுபட்டுச் செய்து முடித்துத் தோளில் போட்டுப் பார்த்தால் இடுப்போடு படியாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, சமையலறைக் கதவில் இரண்டு தடவை இடித்தாயிற்று.