நீல மூடியா, ஊதா மூடியா: ரத்தம் எடுக்கும் டியூபில் சோடியம் சிட்ரேட்டும் இ.டி.டி.ஏ.வும்

ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். நீல மூடி டியூபில் உள்ள ட்ரைசோடியம் சிட்ரேட்டும், ஊதா மூடி டியூபில் உள்ள பொட்டாசியம் இ.டி.டி.ஏ.வும் அந்தக் கால்சியத்தைத்தான் பிடித்து வைக்கின்றன. பிடியின் வலுவில்தான் வித்தியாசம். இ.டி.டி.ஏ. இறுக்கிப் பிடிக்கும், சிட்ரேட் தளர்வாகப் பிடிக்கும்.

ரத்தம் எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. பரிசோதனைகளுக்கு அந்தத் தளர்வே தேவை. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்த கணத்திலிருந்து உறையும் நொடிகளை எண்ணுகிறோம். சிட்ரேட் வழிவிடும். இ.டி.டி.ஏ. ரத்தத்தில் சேர்த்த கால்சியமும் சிக்கிக்கொள்ளும். உறைதலுக்கு உதவும் புரதங்களான ஐந்தாம், எட்டாம் காரணிகளும் அதில் நிலைக்காது. பச்சை மூடி ஹெப்பரினும் உதவாது, அது ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினையே முடக்கிவிடும்.

சிட்ரேட்டின் பலவீனம் அளவு. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல்: 2.7 மி.லி. ரத்தம், 0.3 மி.லி. சிட்ரேட். கோட்டுக்குக் கீழே நிரப்பினால் மிஞ்சிய சிட்ரேட் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கி, ஏ.பி.டி.டி.யைப் பொய்யாக நீட்டும். நிரப்பளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் திருப்பி எடுப்பதே நல்லது. மெல்லிய குழல் இணைந்த பட்டர்ஃப்ளை ஊசியில் நீல டியூபை முதலில் போட்டால், குழலில் இருக்கும் காற்று உள்ளே போய் ரத்தம் குறையும். அதற்கு முன் ஒரு டியூபை வீணாக்குங்கள்.

ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 55 சதவீதத்தைத் தாண்டியவருக்குக் கோடு வரை நிரப்பினாலும் தவறுதான், பிளாஸ்மா குறைவு என்பதால். 0.00185 × (100 − ஹீமடோக்ரிட்) × ரத்தத்தின் மி.லி. என்பது தேவையான சிட்ரேட்டுக்கான சூத்திரம். ஹீமடோக்ரிட் 60 என்றால் 2.7 மி.லி. ரத்தத்துக்கு 0.2 மி.லி. சிட்ரேட் போதும், 0.1 மி.லி.யை முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

கரைசலை லேபிலேயே தயாரிப்பவர்கள் பாட்டிலின் லேபிளைப் படிக்க வேண்டும். 3.2 சதவீதம் என்பது டைஹைட்ரேட் (நீர் சேர்ந்த) உப்புக்கான கணக்கு: 100 மி.லி.யில் 3.2 கிராம், அதாவது 0.109 மோலார். நீரற்ற உப்பானால் 2.8 கிராம்தான். பழைய 3.8 சதவீதக் கரைசலை உறைதல் பரிசோதனைக்கு விட்டுவிடுவதே சரி. அதில் சிட்ரேட் மிஞ்சுவது எளிது.

ரத்த எண்ணிக்கைக்கு, அதாவது சி.பி.சி.க்கு, ஊதாவே. மி.லி.க்கு சுமார் 1.8 மி.கி. இ.டி.டி.ஏ. டியூபின் சுவரில் தூவப்பட்டிருப்பதால் ரத்தம் நீர்க்காது, அணுக்களின் வடிவமும் நிற்கும். உலர்ந்த பூச்சு என்பதால் எட்டு முதல் பத்து முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். நீலத்துக்கு மூன்று, நான்கு முறை போதும். குலுக்கக் கூடாது.

எடுக்கும் வரிசையில் நீலம் முன், ஊதா பின். மாற்றினால் ஊசி வழியே இ.டி.டி.ஏ. நீல டியூபுக்குள் போய் உறைதல் நேரம் நீளும். குறைந்த டியூபை நிரப்ப ஊதாவிலிருந்து வேறொன்றில் ஊற்றுவது இன்னும் மோசம்: பொட்டாசியம் வானத்துக்கு ஏறும், கால்சியம் பாதாளத்துக்கு இறங்கும். நோயாளியைப் பார்த்தால் இரண்டுக்கும் அறிகுறி இருக்காது.

உடலுக்குள் ஏற்றும் ரத்தத்தில் போட்டியே இல்லை. 1914இல் தொடங்கி சிட்ரேட்தான், கல்லீரல் அதை எரித்துவிடும் என்பதால்.

ஊதாவுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. சிலருக்கு இ.டி.டி.ஏ.வில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இயந்திரம் 40,000 என்று காட்டும். டெங்கு காலத்தில் அது வீட்டையே கலக்கும். அப்போது நீல டியூபில் எடுத்து எண்ணி, சிட்ரேட் கரைசலால் ரத்தம் நீர்ப்பதை ஈடுகட்ட 1.1ஆல் பெருக்குங்கள்: 1,60,000 வந்தால் உண்மை 1,76,000. சிட்ரேட்டிலும் ஒட்டுகிறவர்கள் உண்டு என்பதால், எண்ணை எழுதும் முன் ஸ்மியரின் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்தின்) ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.