முழங்கால் நோவு: குளிசையா, ஜெல்லா, தைலமா?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் மூன்று சாமான் எப்போதும் கிடக்கும்: டைக்ளோபெனக் என்ற நோவு மருந்தின் குளிசை அட்டை, அதே மருந்தின் ஜெல் டியூப், ஒரு தைலப் போத்தல். அம்மாவுக்கு 67 வயது. பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தமும் இருக்கிறது. முழங்கால் தேய்மானம் என்று கிளினிக்கில் சொல்லி நாலு வருடமாகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா மாதிரி ஆட்களுக்கு ஜெல்தான் முதலில். ஆனால் அளந்து பூச வேண்டும்.

குளிசை சட்டென்று கேட்கும், அதில் சந்தேகமில்லை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் படுவான்கரைப் பக்கம் பலர் டொக்டரின் துண்டில்லாமலே வாங்கி, காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். அம்மாவும் ஒரு பாமசியில் அப்படித்தான் வாங்கினார். பத்து நாள் போட்டிருப்பார். ஒரு பின்னேரம் பார்த்தால் செருப்பு வாரின் தடம் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து மெதுவாகத்தான் மேலே வந்தது. பிரஷரும் ஏறியிருந்தது. இந்த வகைக் குளிசை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் புண் போட்டு ரத்தம் கசியவைக்கும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இது இன்னும் ஆபத்து. காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் தெஹியத்தகண்டி போன்ற அம்பாறைப் பகுதிகளில் இருக்கிறது. அங்கே இதைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

பனடோல் (பரசிட்டமோல்) வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று பலர் அதற்கு மாறுகிறார்கள். முழங்கால் தேய்மானத்தில் அதன் பலன் மிகக் குறைவு. பிரித்தானியாவின் 2022 மருத்துவ வழிகாட்டியே அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டி முழங்காலுக்கு முதலில் கொடுக்கச் சொல்வது இந்த ஜெல் வகைப் பூச்சு மருந்தை.

சரி, ஜெல்லுக்கு வருவோம். முழங்கால் மூட்டு தோலுக்குக் கிட்ட இருப்பதால் பூசுவது உள்ளே இறங்குகிறது. இடுப்பு மூட்டுக்கு இது சரிவராது. ஒரு முழங்காலுக்கு முழு அளவு பூசினாலும், குளிசை குடித்தால் ரத்தத்தில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான் சேரும். நோவைக் குறைப்பதிலோ குளிசைக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. அற்புதம் என்றும் நினைக்க வேண்டாம். சில வாரம் பூசிய 100 பேரில் 60 பேருக்கு நோவு பாதியாகக் குறைந்தது, மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களில் 50 பேருக்குக் குறைந்தது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு இது.

பலர் கைவிடும் இடம் அளவு. அம்மா பயறளவு எடுத்துப் பூசிவிட்டு, மூன்றாம் நாள் “இது கேக்கல மகன்” என்று குளிசை அட்டையைத் தேடினார். 1 சதவீத ஜெல்லுக்கு அமெரிக்க அளவு, ஒரு முழங்காலுக்கு ஒரு தடவை 4 கிராம், நாளுக்கு நாலு தடவை. டியூப்பிலிருந்து பிதுக்கினால் நாலரை அங்குல நீளக் கோடு. கடதாசியில் அந்த நீளத்தைக் கீறிக் காட்டியபோது அம்மா நம்பவில்லை. பலன் தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். செலவும் இங்கேதான் இடிக்கிறது: அந்த அளவில் 20 கிராம் டியூப் ஒன்றேகால் நாளில் முடிந்துவிடும். ஐரோப்பிய அளவு 2 முதல் 4 கிராம், நாளுக்கு மூன்று நாலு தடவை. 2 கிராம் வீதம் மூன்று தடவை என்றால் அதே டியூப் மூன்று நாள் தாண்டும். டியூப்பில் 2.32 சதவீதம் என்று போட்டிருந்தால் அது இரு மடங்கு வீரியம், நாளுக்கு இரண்டு தடவைதான்.

பூசியபின் பத்து நிமிடம் உடுப்பு படாமல் விடுங்கள், பூசிய இடத்தை ஒரு மணி நேரம் கழுவாதீர்கள், கையை மட்டும் கழுவிவிடுங்கள். புண், சொறி உள்ள தோலில் வேண்டாம். மேலே துணி இறுக்கிக் கட்டுவதும் ஒத்தடம் கொடுப்பதும் மருந்தைக் கூடுதலாக உள்ளே இழுக்கலாம், அதனால் வேண்டாம். ஜெல் பூசுகிற நாளில் அதே வகைக் குளிசையைச் சேர்க்கக் கூடாது. ஆஸ்பிரின் குடித்தால் மூச்சிழுப்பு வருகிறவர் ஜெல்லையும் தொடக் கூடாது. அதே வகையில் இன்னொரு மருந்தான கீட்டோபுரோபென் ஜெல் என்றால் வெயில் பெரிய பிரச்சினை: பூசும் நாட்களிலும் நிறுத்தி இரண்டு வாரம் வரையும் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. வயலுக்கும் வாவிக்கும் போகிறவர்களுக்கு அது தோதில்லை.

தைலத்தை நான் தள்ளவில்லை. சூடேறுவதும், பிள்ளைகள் உட்கார்ந்து தடவிவிடுவதும் அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஜெல் பூசிய இடத்திலேயே பூச வேண்டாம். பல தைலங்களில் ஆஸ்பிரினுக்கு இனமான மெதில் சாலிசிலேட் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிப்பவர் அதை நிறையத் தேய்த்தால் ரத்தக் கசிவு வரலாம்.

முழங்கால் திடீரென்று சிவந்து, சுட்டு, வீங்கிக் காய்ச்சலும் வந்தால் இந்த மூன்றையும் வைத்துவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

டொக்டர் சொல்லாமல் 21 நாளுக்கு மேல் ஜெல்லைத் தொடரக் கூடாது. அதனால் அம்மாவின் டியூப்பில் தொடங்கிய திகதியைப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். கிளினிக்குக்குப் போகும்போது பிரஷர், சீனிக் குளிசைகளோடு அதுவும் பையில் போகும்.