தரங்கம்பாடியில் ஓர் இரவு: தலையணையில் உப்பு

கட்டட வேலைகளை மேற்பார்த்தே தலை நரைத்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். என் மனைவிக்கு இதில் மானம் போகும். தரங்கம்பாடி விடுதியில் தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. காலையில் கண் விழித்தபோது தலையணையில் வெள்ளையாகத் தூள் கிடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். ஒரு நாள் வாடகை 2,800 ரூபாய். திண்ணை, மரத்தூண், முற்றம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மதியம் பரிமாறிய வஞ்சிர மீன் குழம்புக்காகவே இன்னொரு முறை போகலாம். ஆனால் சுவருக்குச் சிமென்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். செங்கல்லில் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. உப்பு பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது.

"வருடா வருடம் அடிக்கிறோம் ஐயா, நிற்க மாட்டேன் என்கிறது" என்றார் அங்கே வேலை பார்க்கும் இளைஞர்.

"நிற்காது தம்பி. சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு விடத் தெரியும், அதன் மூக்கைப் பொத்திவிட்டீர்கள்" என்றேன். மனைவி முற்றத்துப் பக்கம் போய்விட்டாள்.

அதே கடற்காற்றில்தான் டேன்ஸ்போர்க் கோட்டையும் நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620இல் ஓவ் கெட்டே தலைமையில் வந்த டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் குடியிருந்தார், இப்போது அங்கே அருங்காட்சியகம். பார்க்க வேண்டியது கண்ணாடிப் பெட்டிகளை மட்டுமல்ல, தலைக்கு மேலே வளைந்து நிற்கும் கூரையையும்தான். உத்தரம் இல்லை, இரும்பு இல்லை. செங்கல்லும் சாந்தும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. வெளியே மண்டை பிளக்கும் வெயில். உள்ளே மின்விசிறியைத் தேடவே தோன்றவில்லை. நான் தட்டிய இடத்தில் கெட்டியான சத்தம்தான் வந்தது. காவலாளி முறைத்ததால் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த ஊர் பிழைத்ததற்குப் பாதிக் காரணம் வறுமை என்பது என் கணக்கு. 1845இல் டேனிஷ்காரர்கள் இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, வணிகமும் அங்கே போய்விட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் 1792இல் கட்டிய நகர வாயிலைக் கடந்து இன்றும் நாம் கிங்ஸ் தெருவில் நடக்க முடிகிறது. அங்கேயே 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் ஆயிற்றே என்று சற்று நேரம் நின்றேன்.

வறுமை காப்பாற்றியதைக் கடல் விட்டுவைக்கவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை எப்போதோ கொண்டுபோயிற்று. 2004 சுனாமி ஊரையே உலுக்கியது. அதற்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு புதுப்பித்த வீடுகளைப் பார்த்தபோதுதான் என் மனம் ஆறியது. சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு, தெருவைப் பார்த்த திண்ணை. மாளிகைகளை மட்டும் மெருகேற்றிவிட்டுச் சாதாரண வீடுகளைக் கைவிடுகிற வழக்கம் இங்கே இல்லை. ஒரு திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி, "வெயிலில் நிற்காதே, உட்கார்" என்றார். சுவரில் முதுகு சாய்த்தேன். சட்டையில் துளி வெள்ளை ஒட்டவில்லை.

ஊருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். விடுதிக்கு இரண்டரை, அதில் இரண்டு குழம்புக்கு. தங்குகிறவர்கள் மாடி அறையாகக் கேளுங்கள், ஈரம் அவ்வளவு உயரம் ஏறவில்லை.

கிளம்பும்போது, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கும்பகோணத்துக் கொத்தனார் ஒருவரின் தொலைபேசி எண்ணை ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். இளைஞர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் ஐயா" என்றார். வாசலில் பெயின்ட் டப்பா இரண்டு இறக்கி வைத்திருந்தது.