சேஸ் மட்டும் பளபளக்கிற டிப்பரா? கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் கம்பி விலை கேட்கக் கடைக்கு வந்த ஒரு பையன், போனை நீட்டி ஒரு டிப்பர் படத்தைக் காட்டினான். "அண்ணா, 2017 மாடல், எட்டரை லட்சத்துக்கு வருது. இன்னைக்கு விட்டா நாளைக்கு இருக்காதுங்கறாங்க." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேபினில் வெயில் தின்ற பெயின்ட். அடியில் வண்டியையே தாங்குகிற இரும்புச் சட்டம், அதாவது சேஸ், மட்டும் நேற்று அடித்தது போலக் கன்னங்கரேலென்று பளபளத்தது. அவனை உட்கார வைத்து, டீ சொல்லி, என் கதையை முழுக்கச் சொன்னேன். அவன் ஒருவனோடு போக வேண்டாமென்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கரூர்ப் பக்கம் சிறிதாக ஒரு கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கிறேன். சிமென்ட், கம்பி, கல்லை உடைத்துச் செய்கிற எம் சாண்ட் மணல், ஜல்லி. சொந்த வண்டி கிடையாது. க.பரமத்தி, தென்னிலைப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களிலிருந்து வாடகை டிப்பரில்தான் லோடு வரும். 2025 ஏப்ரல் வரை பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஏப்ரல் 4ஆம் தேதி கனிம நில வரி அமலுக்கு வந்தது. சுரங்கம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று அதற்கு முந்தைய ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதன் தொடர்ச்சி இது. கிரஷர்காரர்கள் யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு, ஆயிரம் ரூபாய் ஏற்றினார்கள். ஏப்ரல் நடுவில் வேலைநிறுத்தம் என்று கிரஷர்களை மூடவும் செய்தார்கள். பேச்சுவார்த்தை நடந்து, ஏற்றிய ஆயிரத்தைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. கிரஷரில் குறைந்தது சரி, வாடகை டிப்பர்காரர்கள் நடைக்கு எழுநூறு ரூபாய் ஏற்றியது மட்டும் இறங்கவே இல்லை. பாதி வீடு கட்டி நிற்கிறவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். சொந்தமாக ஒரு ஆறு சக்கர டிப்பர் இருந்தால் போதும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

பழைய வண்டி தேடி நாமக்கல் போனேன். லாரி என்றால் அந்த ஊரைத் தாண்டி எங்கே போவது? விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. இரண்டு வருஷம் முன்னால் என் நண்பன் ஆறரை லட்சத்துக்கு வாங்கிய அதே மாதிரி வண்டிக்கு ஒன்பதே கால் சொன்னார்கள்.

புரோக்கர் காரணம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மையும் நிறைய இருந்தது. அதுதான் ஆபத்தே. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு புதிதாகப் பதிவாவதெல்லாம் பிஎஸ்6 என்கிற கடுமையான புகை விதிப்படி செய்த வண்டி. யூரியா ஊற்ற வேண்டும், புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் கணினி வைத்துப் பார்க்க வேண்டும், நம் ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு குனிந்து தீர்க்கிற வேலை இல்லை. அதனால் அதற்கு முந்தைய விதிப்படி வந்த நல்ல பிஎஸ்4 வண்டிக்கு அடிதடி. போதாததற்கு அந்த 2025 ஜூனிலிருந்து தயாராகும் புது லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். புது வண்டி விலை இன்னும் ஏறும். "பழைய வண்டி இனிமே தங்கம் மாதிரி தம்பி. ஏறுமே தவிர இறங்காது" என்றார்.

மே மாதக் கடைசியில் அவரே கூப்பிட்டார். 2017 கடைசி மாடல், ஒரே ஓனர், எஃப்சி என்கிற தகுதிச் சான்று புதுசு, மூணு யூனிட் தொட்டி. என் மெக்கானிக் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தார். நான் மாமா பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கார் ஓட்டுவான், அவ்வளவுதான். அவர் திரும்பி வருகிற வரை, ஒரே ஒரு நாள், பொறுத்திருக்கலாம்.

யார்டுக்குப் போனபோது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி நின்றது. "உங்களுக்காகத்தான் தம்பி கழுவி, சூடு பண்ணி வெச்சிருக்கேன்." மரியாதை என்று நினைத்தேன். நான் டயரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. "பள்ளிபாளையத்துக்காரரா? வாங்க வாங்க, இங்க ஒரு பார்ட்டி பாத்துட்டிருக்கார், அவர் முடிக்கலைன்னா உங்களுக்குத்தான்." என் காது கேட்கிற தூரத்தில் நின்றுதான் பேசினார். அடுத்த பத்தாவது நிமிஷம் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு முடிந்தது. நகையை வைத்தும், சீட்டுப் பணம் எடுத்தும், மீதிக்கு பைனான்ஸ் போட்டும் கட்டினேன்.

நாலு நாள் கழித்து வண்டி எடுக்கப் போனேன். அன்றைக்கே ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து, முதல் நாள் எடுத்த போட்டோவைப் பார்த்ததும் விளங்கியது. பின்பக்க உள் டயர் இரண்டும் வேறு. நான் பார்த்தபோது பட்டன் முழுசாக இருந்தது. இப்போது மொட்டை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே ஆறு டயர் எண்ணையும், ஸ்டெப்னியையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருந்தால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். என்னிடம் இருந்ததோ தூரத்திலிருந்து எடுத்த ஒரு செல்ஃபி. "உள் டயர் அப்பவே அப்படித்தான் தம்பி இருந்துச்சு, நீங்க குனிஞ்சு பாக்கல" என்றார் புரோக்கர்.

மூன்றாவது வாரம் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. ஸ்டார்ட் ஆனதும் தெருவே நீலப் புகை. மெக்கானிக் அண்ணன் வந்து, ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்மேல் தலைகீழாக வைத்தார். மூடி தட்டுத் தட்டென்று குதித்தது. "பேக் கம்ப்ரஷன் தம்பி. இன்ஜின் உள்ள தேஞ்சு காத்து கீழ கசியுது. கெட்டி ஆயில ஊத்தி அமுக்கி வெச்சிருக்கான். சூடா இருக்கறப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது." யார்டில் கிடைத்த மரியாதையின் அர்த்தம் அப்போது புரிந்தது.

அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்தார். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, தொட்டியைத் தூக்குகிற ஜாக்கி உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சேஸை அழுத்தித் துடைத்தார். பெயின்ட் கையோடு வந்தது. அதற்கடியில் சாம்பல் நிறத்தில், பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி. திருப்புளியால் சுரண்டினார். பட்டி செதில் செதிலாக விழுந்து, அதற்குள்ளிருந்து ஒரு வெல்டிங் கோடு வெளியே வந்தது, என் நடுவிரல் நீளத்துக்கு. வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு புது விரிசல், ஆணித் துளையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. "தொட்டியத் தூக்கறப்ப உடைஞ்சிருந்தா வண்டி மல்லாந்திருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பீடியைப் பற்ற வைத்தார்.

விரிசல் ஏன் வந்தது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். 2018இல் அச்சுச் சுமை வரம்பைக் கூட்டுவதற்கு முன் பதிவான ஆறு சக்கர வண்டியின் மொத்த எடை, ஆர்சியில் 16.2 டன். அதில் வண்டியின் எடையே ஆறு டன்னுக்கு மேல். ஒரு யூனிட் எம் சாண்ட் நாலரை டன்னைத் தாண்டும். கணக்குப் போட்டால் இரண்டு யூனிட்தான் சட்டப்படி. ஊரே அதை மூணு யூனிட் வண்டி என்று கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான் வாங்கினேன். பழைய டிப்பர் என்றாலே எட்டு வருஷம் அதிக பாரம் சுமந்த முதுகு என்று வைத்துக்கொண்டுதான் பார்க்கப் போக வேண்டும்.

அந்தப் பாரத்துக்கு ரசீதும் இருந்தது. பெயர் மாற்றப் போனபோது, அபராத சலான் பாக்கி இருக்கிறது, கட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வாங்குவதற்கு முன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ், பைனான்ஸ் எல்லாம் பார்த்தேனே! இ-சலானுக்குத் தனி இணையதளம் இருக்கிறது, அதைத் திறந்து பார்க்கவில்லை. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு சலான் 26,000, இன்னொன்று 24,000, சில்லறையாக 1,500. பழைய ஓனரைக் கேட்கலாமென்றால் அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து மட்டும் வந்திருந்தது. போன் எண் உபயோகத்தில் இல்லை.

இதையெல்லாம் பண நஷ்டம் என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியில்லை.

ஒரு வீட்டு வேலைக்கு எம் சாண்ட் இறக்கப் போனபோது, அங்கிருந்த மேஸ்திரி கொட்டுவதற்கு முன் தொட்டியை அளக்க வேண்டுமென்றார். வயசானவர், எனக்கு இருபது வருஷப் பழக்கம். வெளியே டேப் பிடித்தார். நீளம் 12 அடி, அகலம் 7, உயரம் மூன்றரை. 294 கன அடி, கிட்டத்தட்ட மூணு யூனிட். சரி என்றேன். அவர் சரியென்று சொல்லவில்லை. ஒரு கம்பியை எடுத்து மணலுக்குள் அடிவரை குத்தினார், நனைந்த இடத்தில் விரலை வைத்து வெளியே எடுத்து அளந்தார். நாலு அங்குலம் குறைந்தது. கொட்டியபின் தொட்டிக்குள் ஏறிக் காலால் தட்டினார். டொங்கென்று வெற்றோசை. இற்றுப்போன அடித்தகட்டை மாற்றாமல், அதன்மேல் இரும்புச் சேனல் வைத்து இன்னொரு தகட்டைப் பரப்பியிருந்தார்கள்.

நாலு அங்குலம் என்றால் 28 கன அடி. யூனிட் 5,000 கணக்கில் லோடுக்கு 1,400 ரூபாய். அதுவரை பதினொரு லோடு அடித்திருந்தேன். கிரஷரில் நானும் மூணு யூனிட்டுக்குத்தான் பணம் கட்டினேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "நீ ஏமாந்தது உன் கணக்கு தம்பி. அந்த வீட்டுக்காரங்களுக்கு நீதானே மணல் குடுத்த?" என்றார். பதினொரு பேருக்கும் போன் போட்டு 15,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேர் அதற்கப்புறம் என் கடைக்கு வரவில்லை. பணம் திருப்பித் தருகிறவன் எவ்வளவு எடுத்திருப்பானோ என்று தோன்றியிருக்கும்.

மொத்தச் செலவையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் 1,35,000. சேஸ் வேலை 48,000. டயர் 22,000. சலான் 51,500. தொட்டி அடித்தகடு 27,000. திருப்பிக் கொடுத்தது 15,400. ஆக 2,98,900. வண்டி வேலையில் நின்ற நாட்களின் தவணையை இதில் சேர்க்கவில்லை.

சண்டை போடாமல் இல்லை. புரோக்கர் விற்பனைப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். "வண்டியை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, முழு திருப்தியுடன்" என்று டைப் அடித்து, கீழே என் கையெழுத்து. ஸ்டேஷனில் சிவில் விஷயம் என்றார்கள். வக்கீல், பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். பத்திரத்தில் எழுதியிருந்த தொகை நான்கு லட்சம்தான். செலவு மிச்சம் என்று புரோக்கர் சொன்னபோது நானும் தலையாட்டியிருந்தேன்.

அந்தப் பையனிடம் சொன்னது இதுதான். விடிகாலையில், சொல்லாமல் போ. பானெட்டில் கையை வை, சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வா. உன் மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போ, ஆயிரம் ஆகட்டும், இரண்டாயிரம் ஆகட்டும். ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள், பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. தொட்டிக்குள் இறங்கித் தட்டு, உள்ளேதான் டேப் பிடி. பைனான்ஸ் முடிந்துவிட்டது என்றால், கடன் பாக்கி இல்லை என்கிற என்ஓசி காகிதத்தை நம்பாதே, அந்தக் கிளைக்கே போய்க் கேள். ஓனரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே, கொடுக்கிற பணம் எல்லாம் பேங்க் வழியாகப் போகட்டும். பக்கத்தில் யாராவது இன்னொரு பார்ட்டியோடு போனில் பேசினால், அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வா.

விலை ஏறிக்கொண்டே போகும் என்றாரே புரோக்கர், அதுவும் நடக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புது லாரிக்கும் சிமென்ட்டுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நான் நாலு மாதம் பொறுத்திருந்தால் புது வண்டிக்கே விலை கேட்டுப் பார்த்திருப்பேன்.

பையன் போனபிறகு அவன் காட்டிய விளம்பரத்தின் எண்ணைப் பார்த்தேன். தெரிந்த எண். வேறு போனிலிருந்து கூப்பிட்டு, ஒரு 2017 டிப்பர் இருக்கிறது, விற்க வேண்டும் என்றேன். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"2017ஆ? மார்க்கெட் படுத்துக் கெடக்குது தம்பி. ஆறரைக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்க, காலைல ஆள அனுப்பறேன். சேஸைத் தொடச்சுப் பாக்கணும், தொட்டி அடியத் தட்டிப் பாக்கணும்."