தட்சிணசித்ரா: பிரித்து வந்த வீடுகளில் எது பழசு, எது புதுசு?

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்துக்குப் போய் வருகிறவர்கள் கைவினைக் கடைகளைப் பற்றியும் பானை வனைவதைப் பற்றியும்தான் அதிகம் பேசுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது 18 வீடுகளை. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், தென் மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த வட்டாரத்துத் தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்தே திரும்ப எழுப்பியது. 1996 டிசம்பரில் திறந்தார்கள். வளாகத்தின் அமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் அதைக் கட்டி வளர்த்தார்.

நேராகக் கேரளப் பகுதிக்குப் போங்கள். கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850-இல் கட்டப்பட்டது. வீட்டின் உயிரே நெல் வைக்கும் அறைதான். பக்கத்திலேயே திருவனந்தபுரத்து மரவீடு. இடம் மாற்றுவதற்கு இந்த வகை வீடுகளைப் போலத் தோதானவை வேறில்லை. மரப்பலகைச் சுவர், மரச்சட்டம், மர முளை என்று எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய வேலை.

கழற்றுவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் முழு வீட்டையும் அளந்து வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் எண். சாக்பீஸ் மழையில் போய்விடும், பெயின்ட் உரசலில் அழியும். அதனால் தகட்டில் எண்ணைப் பொறித்து அடிப்பதுதான் பாதுகாப்பு. எண் மட்டும் போதாது, எந்த முனை எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதும் வேண்டும். நூறு வருஷம் ஒரே பாரத்தைத் தாங்கி வளைந்த உத்திரத்தைத் திருப்பி வைத்தால், துளையில் பொருந்துவதற்காகச் செதுக்கிய அதன் முனையான கழுந்து, துளையில் உட்காராது. பிரிக்கும் வரிசை ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், கூரைச் சரிவில் சாய்ந்து நிற்கும் கைமரம், கூரை உச்சியில் ஓடும் முகட்டு வளை, உத்திரம், கடைசியில் தூண். முளையை எந்தப் பக்கமிருந்து அடித்தார்கள் என்று பார்த்து எதிர்ப்பக்கமிருந்து தட்ட வேண்டும். அவசரப்பட்டால் கழுந்து பிளந்துவிடும், அதோடு அந்த மரத்தின் பாதி மதிப்பு போயிற்று. கொண்டுவந்ததைத் தரையில் போடாமல் கட்டை கொடுத்து, காற்று போக இடைவெளி விட்டு, கூரைக்கடியில் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு எழும்புவதற்குள் கரையான் எழும்பிவிடும்.

சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாரத்தின் கைமர முனைகளும் சுவரில் புதைந்த உத்திர முனைகளும்தான் முதலில் உளுத்துப்போகும். அந்தத் துண்டை மட்டும் அறுத்து அதே சாதி மரத்தில் ஒட்டுப் போட வேண்டும், அதுவும் நன்றாக உலர்ந்த மரத்தில். பச்சை மரம் ஆறே மாதத்தில் சுருங்கி ஒட்டு வாயைத் திறந்துவிடும். கைமர முனைகளை அண்ணாந்து பாருங்கள். நிறமும் ரேகையும் மாறும் இடம் இருந்தால் ஒட்டு அதுதான்.

தமிழ்நாட்டுப் பகுதிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த சுவரைப் பிரித்தால் மிஞ்சுவது இடிபாடு. ஊர் மாறி வரக்கூடியவை தூண், நிலை, கதவு, உத்திரம், ஓடு மட்டுமே. ஆகவே செட்டிநாட்டு வணிகர் வீட்டில் தூணையும் கதவையும் பழசாகப் பாருங்கள். சுவரைப் பழைய முறையைக் காட்டும் புது வேலையாகப் பாருங்கள். அதைக் குறை என்று சொல்ல மாட்டோம். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் என்று சாந்து அரைக்கும் கை இன்னும் இருக்கிறது என்பதே பெரிய சொத்து. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இடத்தில் சுண்ணாம்புதான் சரியான மருந்தும்கூட. சுவரில் ஏறும் உப்பீரம் அதன் வழியே வெளியேறும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல்லையே பொடியாக்கும்.

இழப்பும் உண்டு. பக்கச்சுவரைப் பங்கு போட்டு நின்ற தெரு வீடு தன் அண்டை வீட்டை விட்டுவிட்டு வருகிறது. கிணறும் கோயில் வாசலும் ஊரிலேயே நின்றுவிடுகின்றன. அதனால் இடமாற்றம் கடைசி வழிதான். செட்டிநாட்டில் பல வீடுகள் விழக் காரணம் பங்காளிகள் பெருகி, ஒழுகும் கூரை ஓடுகளை மாற்ற யாரும் காசு போடாததுதான். பிறகு தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், தனித்தனியாக விலை போகின்றன. தூணை மட்டும் வாங்கி நட்சத்திர ஓட்டலில் நிறுத்துவதற்கும், வீட்டை வீடாகவே கொண்டுவந்து நிறுத்துவதற்கும் உள்ள தூரத்தை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செவ்வாய் விடுமுறை. காலையில் திறந்ததும் நுழைந்து, ஓட்டின் மடிப்பு, தூணுக்கடியில் கொடுத்த கல், முற்றத்து மழைநீர் வெளியேறும் வழி ஆகியவற்றைப் படமெடுங்கள். ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் வேண்டும். ஒரே நாளில் பதினெட்டையும் ஓடி முடிக்காதீர்கள்.