உளவளத்துணையில் சை.டி. பட்டம்: திருகோணமலையில் இருந்துகொண்டு படிக்கலாமா?

உளவளத்துணையில் முதுமாணி முடித்து நாலைந்து வருடம் வேலை செய்தவருக்கு அடுத்த படியாக இப்போது காட்டப்படுவது சை.டி. (Psy.D.) என்ற கலாநிதிப் பட்டம். அமெரிக்காவில் அந்தப் பெயர். பிரித்தானியாவில் அதையே உளவளத்துணை உளவியலில் தொழில்சார் கலாநிதிப் பட்டம் என்பார்கள். "வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடியே" என்று விளம்பரம் போடுகிறார்கள். படிப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. அந்த விளம்பர வரியில்தான் பிசகு.

பிஎச்.டி.யிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று தெரிந்தால் மிச்சம் விளங்கும். 1949இல் அமெரிக்காவின் போல்டரில் கூடிய மாநாடு, உளவியலாளர் என்பவர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயில வேண்டும் என்று வகுத்தது. ஆய்வுப் பக்கம் கனத்து, ஆளுக்கு முன்னால் இருந்து வேலை செய்யும் பயிற்சி மெலிகிறது என்ற முறைப்பாடு பிறகு வளர்ந்தது. 1968இல் இலினோய் பல்கலைக்கழகம் முதல் சை.டி. நெறியைத் தொடங்கியது, 1973இல் வெய்ல் மாநாடு அந்த வழிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆய்வேடு இதிலும் உண்டு. ஆனால் பட்டத்தின் எடை இருப்பது, மேற்பார்வையின் கீழ் துணைநாடிகளை, அதாவது உளவளத்துணை தேடி வருபவர்களை, சந்தித்த மணித்தியாலங்களில். ஆகவே கையேட்டைத் திறந்தவுடன் பாடப்பட்டியலுக்குப் போக வேண்டாம். மணித்தியாலப் பக்கத்தைத் தேடுங்கள்.

பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நெறி முழுநேரமாக 3 வருடம். துணைநாடிகளோடு குறைந்தது 450 மணித்தியாலம். அதற்கு மேல் மாணவரே ஒரு சிகிச்சையாளரிடம் போய்வர வேண்டும். பல நெறிகளில் அது 40 மணித்தியாலம் அல்லது கூட. 450 பார்வைக்குச் சின்ன எண்தான். கிழமைக்கு 5 பேருக்கு நேரம் ஒதுக்கி அதில் 2 பேர் வராவிட்டால் மிஞ்சுவது 3. வருடத்தில் 45 கிழமை வேலை செய்தால் 135. மூன்று வருடத்தில் 405. 45 மணித்தியாலம் துண்டு விழுகிறது. வராத சந்திப்பு பதிவேட்டில் நேரடி வேலையாக ஏறாது, நீங்கள் கதிரையைப் போட்டுக் காத்திருந்தாலும். இந்த மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பேர் வராமல் விடுவது ஒரு புதினமே இல்லை: மாசி பங்குனியில் வயல் வெட்டு, நோன்பு மாதம், மார்கழி மழைக்குள் மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி வருவதென்றால் யாருக்கும் பஞ்சிதான். 6 பேருக்கு ஒதுக்கினால் மட்டுமட்டாகத் தப்பலாம். 7 பேர் என்றால் மூச்சு விடலாம்.

அமெரிக்க வழி இன்னும் இறுக்கம். அமெரிக்க உளவியல் சங்கம் அங்கீகரிக்கும் நெறிக்குக் குறைந்தது 3 வருட முழுநேரப் படிப்பு, அதில் ஒரு வருடமாவது அங்கே இருந்து படிப்பது, அதன் பிறகு உள்ளகப் பயிற்சி. முழுக்க இணையவழியில் நடக்கும் கலாநிதி நெறிக்கு அந்தச் சங்கம் அங்கீகாரம் கொடுப்பதில்லை. உள்ளகப் பயிற்சி நிலையங்களின் கூட்டமைப்பான ஆப்பிக் கேட்பது 9 முதல் 24 மாதத்துக்குள் குறைந்தது 1500 மணித்தியாலம். ஒவ்வொரு 20 மணித்தியாலத்துக்கும் 1 மணித்தியாலம் தனி மேற்பார்வை. பல நிலையங்கள் 2000 கேட்கும். அதை 48 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்குக் கிட்டத்தட்ட 42 மணித்தியாலம். வேலையை விடாமல் என்ற கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். அங்கீகாரம் இல்லாத நெறியும் பட்டம் தரும், பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போட்டுக்கொள்ளலாம். அங்கே தொழில் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பல மாநிலங்களில் இடிக்கும்.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது மொழி. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் 50 நிமிட ஒலிப்பதிவை எழுத்தாக்கி, ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு முழுநாள் போய்விடும். அதில் ஒரு வரியை எடுங்கள்: "ஒரே யோசினை, நித்திரை வருகுதில்லை." யோசினை என்பதை அகராதிப்படி சிந்தனை என்று மாற்றினால், மேற்பார்வையாளர் எண்ண ஓட்டம் பற்றிக் கேள்வி கேட்பார். கவலை என்று மாற்றினால் பதகளிப்பு அளவுகோலை எடுக்கச் சொல்வார். வீட்டுக் கடன், கட்டாரில் இருக்கிற மகன், இன்னும் திரும்பி வராத தம்பி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கலாம். இரண்டு மொழிபெயர்ப்பிலும் அது விழாது. இதற்குக் கைகண்ட வழி மூன்று வரி முறை: முதல் வரியில் அவர் சொன்ன தமிழ் அப்படியே, இரண்டாவதில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலம், மூன்றாவதில் இந்த ஊரில் அது எதைக் குறிக்கும் என்ற விளக்கம். முழுப் பதிவையும் இப்படிச் செய்ய முடியாது. கிழமைக்கு 10 நிமிடத் துண்டு ஒன்று போதும் என்று முதலிலேயே எழுத்தில் ஒத்துக்கொள்ள வையுங்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் வாங்குவது தனிக் கதை. பெயர், கையெழுத்து, குரல் மூன்றையும் ஒரே நாளில் கேட்டால் இங்கே ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள். இரண்டாவது மூன்றாவது சந்திப்பில் கேட்பதே புத்தி.

வகுப்பு நேரத்தையும் கடிகாரத்தோடு பாருங்கள். நியூயோர்க்கில் மாலை 7 மணி என்றால் இங்கே அடுத்த நாள் விடிய 4.30, அங்கே குளிர்காலத்தில் 5.30. லண்டனில் மாலை 6 மணி வகுப்பு இங்கே இரவு 10.30 அல்லது 11.30. லண்டன் தூக்கத்தைக் கெடுக்கும், நியூயோர்க் சமாளிக்கலாம்.

களப்பயிற்சிக்கு இடம் இல்லாமல் இல்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பிரதேச செயலகங்களின் உளவளத்துணைப் பகுதி, தொண்டு நிறுவனங்கள் என்று தட்டலாம். தட்டுப்பாடு மேற்பார்வையாளருக்குத்தான். பெரும்பாலான நெறிகள் பதிவுபெற்ற உளவியலாளரைக் கேட்கும். உளமருத்துவர் ஒப்பமிட்டால் ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தொண்டு நிறுவனத்தில் வேறொரு பொறி: திட்டம் ஒரு வருடத்தில் முடியும், அலுவலகம் பூட்டுப்படும், மேற்பார்வையாளர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், ஒப்பமிடாத பதிவேடு உங்கள் கையில் நிற்கும். பருவ முடிவில் மொத்தமாக ஒப்பம் வாங்குவதை விட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாங்குங்கள். சின்ன ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. துணைநாடியாக வருபவர் உங்கள் பிள்ளையின் ரீச்சராகவோ மச்சாளின் அயலவராகவோ இருப்பார். அப்படிப்பட்டவர்களை வேறு ஒருவரிடம் அனுப்பினால் மணித்தியாலம் இன்னும் குறையும், ஆனாலும் அனுப்பத்தான் வேண்டும்.

காசு: கட்டணம் டொலரிலோ பவுண்ஸிலோதான் இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மூன்று வருடச் செலவை இன்றைய விலையில் போட்டுப் பார்ப்பது கணக்கே இல்லை. சொந்த சிகிச்சைக் கட்டணம், தொழில் காப்புறுதி, நேரில் போகும் வாரங்களுக்கான விசாவும் விமானச் செலவும் கையேட்டின் கட்டணப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது.

உள்ளூர் மதிப்பு எப்படி? இலங்கை மருத்துவ சபை பதிவு செய்வது மருத்துவ உளவியலாளர்களை. அதற்கு வழமையான வழி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எம்.பில். உளவளத்துணை சை.டி. இருப்பதால் அந்தப் பதிவு தானாக வராது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கடிதம் மூலம் கேளுங்கள். முகவர் காட்டும் சான்றிதழ் படம் பதில் ஆகாது. பிரித்தானியாவிலேயே தொழில் செய்ய விருப்பம் என்றால் அங்கே உளவளத்துணை உளவியலாளர் என்ற பதவிப் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. (HCPC) சபையில் பதிவு வேண்டும். ஆங்கிலத் தகுதியை ஐ.ஈ.எல்.ரி.எஸ். மூலம் காட்டுபவருக்கு மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. அங்கே போய் இருந்து படிக்கக் கூடியவருக்கு இந்தப் பட்டம் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். இங்கேயே இருந்து தமிழில் வேலை செய்யப் போகிறவருக்கு, அதே காசில் தமிழ் தெரிந்த நல்ல மேற்பார்வையாளர் ஒருவரைக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இரண்டு வருடத்துக்குப் பிடிப்பது எங்கள் தெரிவு.

அதற்குப் பிறகும் மனம் சை.டி. பக்கமே போனால், விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் மூன்று தாள்களை மின்னஞ்சலில் கேளுங்கள்: நிரப்பாத மணித்தியாலப் பதிவேடு, மேற்பார்வையாளர் ஒப்பந்தப் படிவம், வெளிநாட்டுக் களப்பயிற்சி இடத்தை ஏற்கும் விதி. அனுமதிப் பிரிவு இவற்றுக்குப் பதிலாக இன்னொரு விளம்பரக் கையேட்டை அனுப்பினால் வங்கி அட்டையை எடுக்க வேண்டாம்.